பச்சை பூதம், மயானக்கொள்ளை, அப்புறம் எங்க பாப்பாவோட பேய் புக்குங்க

"நாலு வயசு புள்ளைக்குப் போயி பேய் புக்கா வாங்கித் தர, ராத்திரி பூரா அலறப்போவுது பாரு." இத எங்க வீட்ல சொல்லாத ஆளே இல்ல. எங்கம்மா சொன்னாங்க, மாமியார் சொன்னாங்க, தர்மபுரி புத்தகத் திருவிழால பில் போட்ட தம்பி கூட அட்டைய முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு "அக்கா, இது சின்னப் பசங்களுக்குத்தானா?"ன்னு ஒரு மாதிரி இழுத்தாரு. இதுல தமாஷ் என்னன்னா இதே எங்கம்மாதான் தெனம் சோறு ஊட்டும்போது "தோ பூச்சாண்டி வரான், வாயத் தொற"ன்னு ஜன்னலக் காட்றது. அந்தப் பூச்சாண்டிக்கு மூஞ்சி கெடையாது, வீடு வாசல் கெடையாது, எப்ப வருவான் எப்ப போவான்னும் தெரியாது, கிண்ணத்துல சோறு தீந்தாத்தான் போவான். அதுக்கு மட்டும் ராத்திரி அலறும்னு யாரும் கவலப்பட்டதில்ல.

நான் சொல்ல வர்றது இதுதான். பயம் புள்ளைங்களுக்கு நாம குடுத்தாலும் வரும் குடுக்காட்டியும் வரும், ரெண்டரை மூணு வயசுல ஆரம்பிச்சி ஆறு ஏழு வயசு வரைக்கும் இருட்டு, கட்டிலுக்கு அடியில, கதவு சந்துன்னு எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு ஒக்காந்துட்டு இருக்கும், மனசுல நெனைக்கிறதுக்கும் கண்ணு முன்னாடி இருக்கிறதுக்கும் நடுவுல கோடு அந்த வயசுல இன்னும் சரியா விழுந்திருக்காது. அதனால பயத்த ஒளிச்சி வெக்கிறதுல பிரயோஜனம் இல்ல. அதோட கடிவாளம் யாரு கைல இருக்குதுங்கிறதுதான் கேள்வி. பூச்சாண்டி கதைல அது பெரியவங்க கைல. ஒரு நல்ல பேய் படப் புக்குல அது புள்ள கைல.

சும்மா சொல்லல, ஒரு புக்க எடுத்துக்குறேன். எட் எம்பர்லின்னு ஒருத்தர் 1992ல போட்ட "கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்". எங்க வீட்ல அதுக்குப் பேரு பச்சை பூதம் புக்கு. பக்கத்துல எல்லாம் வெட்டி ஓட்டை போட்டிருக்காங்க. மொதல்ல கருப்புப் பக்கத்துல ரெண்டு மஞ்சக் கண்ணு மட்டும் தெரியும். திருப்புனா மூக்கு. இன்னொண்ணு திருப்புனா செவப்பு வாயி, வெள்ளப் பல்லு. அப்புறம் காது, ஊதா கலர் முடி, கடைசில பச்சை மூஞ்சி முழுசா. அதுவரைக்கும் பயம் ஏறும். அதுக்கப்புறம் பாருங்க, "நீ ஒண்ணும் என்னைய பயமுறுத்த முடியாது, போ"ன்னு சொல்லிட்டு ஒவ்வொரு பக்கமா திருப்பத் திருப்ப முடி போயிடும், காது போயிடும், மூக்கு போயிடும், கடைசில ஒண்ணுமே இருக்காது. நான் சொல்றவரைக்கும் திரும்பி வராதன்னு முடியும். இந்த கடைசி வரிதான் எனக்கு புக்குலயே உசுரு. வராதன்னு சொல்லல. நான் கூப்புடுறவரைக்கும் வராத.

பாப்பா மொத தடவ அந்தக் கண்ணு பக்கத்துலயே உள்ளங்கைய வெச்சி மூடிட்டா. நான் ஒண்ணும் சொல்லல, வேற வேலையப் பாக்குற மாதிரி கொத்தமல்லி ஆய்ஞ்சிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சிப் பாத்தா சுண்டுவிரல அந்தக் கண்ணு ஓட்டைல விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பாக்குறா. அப்புறம் பல்லு பக்கத்துல விரல வெச்சி "அம்மா கடிக்குதா பாரு"ன்னு அவளே என்னைய கூப்புடுறா. இப்ப அந்தப் பக்கம் ஓரமெல்லாம் நஞ்சி போயி செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கேன்.

எங்கம்மா இதெல்லாம் ஒரு ஓரமா பாத்துட்டே இருந்துருக்காங்க. ஒரு நாள் ராகிக் களி சாப்பிட மாட்டேன்னு பாப்பா அடம் பண்ணும்போது பூச்சாண்டிய விட்டுட்டு "இரு, பச்சை பூதத்தக் கூப்புடுறேன்"ன்னுட்டாங்க. அதுக்கு இவ நிமிந்து கூடப் பாக்காம "அது நான் சொன்னாத்தான் ஆயா வரும்"னுட்டா. எங்கம்மா என்னைய ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க. களி என்னமோ அன்னிக்கும் மிச்சந்தான்.

இந்த மாதிரிப் புக்குல எழுத்துக்கு இருக்கிற வேலைய விட பக்கம் திருப்புறதுக்கு வேலை அதிகம். படப் புக்குங்க பெரும்பாலும் 32 பக்கம்தான் இருக்கும், பெரிய தாள்ல அச்சடிச்சி மடிச்சி வெட்டும்போது எட்டெட்டா பதினாறு பதினாறா வர்றதால அப்பிடி ஒரு கணக்கு. அந்த 32க்குள்ள பயம் வரணும், ஏறணும், எறங்கணும், வீட்டுக்கு வந்து சேரணும். நல்லா எழுதுறவங்க பயத்த எப்பவும் வலப்பக்கத்துல நிறுத்திடுவாங்க, அடுத்தது என்னன்னு தெரியணும்னா தாள நாமதான் திருப்பணும். திருப்பலன்னா அது அங்கயே நிக்கும், கத்தாது, ஓடி வராது. இதனாலதான் யூடியூப்ல வர்ற அந்த தமிழ் பேய்க்கதை கார்ட்டூனுங்க மேல எனக்கு அவ்ளோ கடுப்பு. அதுல எது எப்ப வரும்னு வீடியோ முடிவு பண்ணுது, டம்முன்னு ஒரு சத்தம், ஒரு வெள்ளச் சேலை, புள்ள கண்ண மூடுனாலும் காதுல விழுந்துட்டேதான் இருக்கும், அது முடியறதுக்குள்ள அடுத்த வீடியோ தானா ஓட ஆரம்பிச்சிடும். பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் அதப் பாத்துட்டு கொஞ்ச நாள் பாத்ரூம் போகக் கூட ஆள் தொணைக்கு கூப்புட்டுட்டு இருந்தாங்க. புக்கப் படிச்சி அப்பிடி ஆன புள்ளய நான் பாத்ததில்ல.

இதுல பெரிய ஆளு மாரிஸ் செண்டாக்தான், "வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்", 1963ல வந்தது, அடுத்த வருஷமே அமெரிக்காவுல படப் புக்குக்குக் குடுக்குற பெரிய விருது கால்டிகாட் மெடல் கெடச்சிது. மேக்ஸ்னு ஒரு வாலு ஓநாய் டிரஸ் போட்டுட்டு வீட்ல அட்டகாசம் பண்ணுவான், அம்மா திட்டி ராத்திரி சாப்பாடு இல்லாம ரூமுக்கு அனுப்பிடுவாங்க, அந்த ரூம்லயே காடு மொளைக்கும், படகு வரும், போனா பெரிய பெரிய பல்லு, நகம், மஞ்சக் கண்ணு வெச்ச ராட்சசனுங்க. இவன் கண்ண இமைக்காம அதுங்களயே மொறைச்சிப் பாப்பான், அதுங்க பயந்து போயி இவனையே ராஜா ஆக்கிடும். செண்டாக் மொதல்ல குதிரைங்கள வெச்சிதான் இந்தக் கதைய யோசிச்சாராம், குதிரை வரைய வராததால ராட்சசனா மாத்திட்டாரு. அந்த ராட்சசனுங்களுக்கு மாடல் யாருன்னா அவரு சின்ன வயசுல புரூக்ளின்ல ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, மாமா அத்தைங்க, கன்னத்தக் கிள்ளி "உன்ன அப்பிடியே தின்னுடுவேன்"ன்னு கொஞ்சுறவங்க. இதப் படிச்சதும் எனக்கு சிரிப்பு தாங்கல, ஏன்னா எங்க பெரியத்த காரிமங்கலத்துலருந்து வந்தா பாப்பா பீரோ பின்னாடி போயி நிக்கிறது சும்மா இல்லன்னு அப்பதான் புரிஞ்சிது. வெத்தலை போட்ட வாயோட கிட்ட வந்து கன்னத்தப் புடிச்சி இழுத்தா நாலு வயசுல அது எவ்ளோ பெரிய மூஞ்சியா தெரியும்!

அந்தப் புக்குல இன்னொரு சூட்சுமம், மேக்ஸ் காட்டுக்குள்ள போகப் போக படம் பெருசாகிட்டே வரும், எழுத்து எடம் கம்மியாகிட்டே போவும், ராட்சசனுங்களோட குதியாட்டம் போடுற எடத்துல எழுத்தே இல்ல, ரெண்டு பக்கமும் முழுசா படம். அங்க நான் வாய மூடிக்குவேன். பாப்பாதான் கத்துவா, குதிப்பா, கட்டில் கிறீச்சு கிறீச்சுங்கும். அப்புறம் அவன் வீட்டுக்கு வந்தா சாப்பாடு வெச்சிருக்கும், சூடாவும் இருக்கும். அம்மா படத்துல எங்கயும் வரவே மாட்டாங்க, சாப்பாடு மட்டும்தான்.

சரி இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம், நம்ம புள்ளைங்களுக்கு ஒத்து வருமான்னு ஒரு அக்கா கேட்டாங்க. அக்கா, நம்ம தர்மபுரிப் பக்கம் பொறந்த புள்ளைங்களுக்கா? பென்னாகரம் ரோட்டுல போனா பெரிய மீசை, உருட்டுன முழி, கைல அருவாளோட முனியப்பன் ஒக்காந்திருக்காரு, அவருக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்குறோம், மடில புள்ளய வெச்சிக்கிட்டு. அத விடுங்க, மாசி அமாவாசைல சிவராத்திரிய ஒட்டி வர்ற மயானக்கொள்ளைக்கு காவேரிப்பட்டணம் போயிப் பாருங்க. அங்காளம்மன், காளி வேஷம் கட்டிக்கிட்டு பச்சையும் நீலமுமா மூஞ்சி பூசி நாக்கத் தொங்கவிட்டு பம்பை சத்தத்தோட ஊரே சுடுகாட்டப் பாத்து போவும், அதுல எத்தன கைப்புள்ளைங்க தோள் மேல இருக்குதுன்னு எண்ணுனா தெரியும்.

போன வருஷம் பாப்பாவ அவங்க தாத்தா தோள்ல தூக்கிட்டு வந்தாரு. சில காட்சிய நானே கைய வெச்சி மறைச்சேன், கோழிய வாயில கடிக்கிறதெல்லாம் இந்த வயசுக்கு வேணாம்னு எனக்கு ஒரு கணக்கு. ஆனா காளி வேஷம் போட்ட ஒருத்தர் எங்க பக்கமா ஆடிக்கிட்டு வந்தப்ப இவ தாத்தா தலமுடிய ரெண்டு கையால புடிச்சிக்கிட்டு மூச்சு விடாம பாத்தா. அழல. அப்புறம் கும்பல் கொஞ்சம் கலைஞ்சதும் டீக்கடைல ஒக்காந்திருந்தோம், அதே ஆளு வந்து பெஞ்சுல ஒக்காந்தாரு, கிரீடத்தக் கழட்டி பக்கத்துல வெச்சாரு, உள்பக்கம் முழுக்க வெறும் அட்டையும் நூலும், தலைல துண்டு கட்டியிருந்த எடம் மட்டும் வெள்ளையா, மத்த மூஞ்சி பூரா பச்சை, டீ கிளாஸ் விளிம்புல அந்தப் பச்சை ஒட்டிக்கிச்சி. சாயம் வழிஞ்சி கழுத்து வரைக்கும் வந்திருந்திச்சி. பாப்பா அந்த கிரீடத்தயும் அவரயும் மாறி மாறி பாத்துட்டு என் காதுல "முடி போயிடிச்சி"ன்னா. அப்புறம் "மூஞ்சி எப்ப போவும்?" நான் பச்சை பூதம் புக்கு வாங்குனது அதுக்கு அடுத்த மாசம்தான், அதப் பாத்ததும் அவளுக்கு எல்லாம் முன்னயே தெரிஞ்ச மாதிரி இருந்ததுக்கு இதுதான் காரணம்னு நெனைக்கிறேன்.

ஆனா எல்லா பேய் புக்கும் நல்ல புக்கு இல்ல. ரெண்டு வகை எனக்கு சுத்தமா ஆகாது. ஒண்ணு, அட்டைல பேய்னு போட்டுட்டு உள்ள அது கேக் வெட்டிக்கிட்டு பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கும், பயம்ங்கிற சமாச்சாரமே இருக்காது, புள்ளைங்க ரெண்டு பக்கம் பாத்துட்டு எந்திரிச்சி போயிடும். இன்னொண்ணு அத விட மோசம், பொய் சொன்னா பூதம் வரும், குளிக்கலன்னா ராட்சசன் தூக்கிட்டுப் போவான்னு நீதி சொல்ற புக்கு. அது சோத்துக் கிண்ணத்துப் பூச்சாண்டியேதான், கலர்ல அச்சடிச்சிருக்கு அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு நர்சரி ஸ்கூல்ல சத்தம் போட்டா இருட்டு ரூம்ல விட்டுடுவேன்னு மெரட்டுற மிஸ் இருக்காங்க, அங்க படிக்கிற எங்க தெரு பையன் பகல்லயே ஸ்டோர் ரூம் பக்கம் போக மாட்டேங்குறான். அவங்க அம்மாக்கு நான் குடுத்த புக்குதான் "த டார்க்", லெமனி ஸ்னிக்கெட் எழுதி ஜான் கிளாசன் படம் போட்டது, 2013.

அதுல லாஸ்லோன்னு ஒரு பையன், இருட்டுன்னா பயம். இருட்டும் அதே வீட்லதான் குடியிருக்குது, பகல்ல அடித்தளத்து ரூம்ல. ஒரு ராத்திரி இவன் ரூம்ல எரியுற சின்ன பல்பு ஃபியூஸ் போயிடும், இருட்டு இவன் ரூமுக்கே வந்து பேசும், வா ஒண்ணு காட்றேன்னு கீழ கூட்டிட்டுப் போவும். போனா டிராயர் வெச்ச ஒரு அலமாரி, அதோட கடைசி டிராயர தொறன்னு சொல்லும், தொறந்தா உள்ள பல்பு! இருட்டே வெளிச்சத்த எடுத்துக் குடுக்குது. கிளாசன் படத்துல கருப்பு அவ்ளோ கருப்பா இருக்கும், டார்ச் லைட் விழுற எடம் மட்டும் மஞ்ச. ஆனா இது மூணு வயசுக்கு வேணாம், நாலரை அஞ்சுக்கு மேலன்னா சரி, நடுவுல ஒரு எடத்துல எழுத்து நெறய வருது, அந்த எடத்துல சின்னதுங்க பயத்தோடயே தொங்கிக்கிட்டு இருக்கும். நான் அங்க மட்டும் சுருக்கி சொல்லிடுவேன், தப்பில்ல.

பயம் எவ்ளோ இருக்கணும்ங்கிறதுக்கு இன்னொரு சங்கதி. "த கிரஃபலோ", 1999, ஜூலியா டொனால்ட்சன் எழுதுனது. ஒரு சுண்டெலி நரிகிட்ட, ஆந்தைகிட்ட, பாம்புகிட்ட இருந்து தப்பிக்க இல்லாத ஒரு மிருகத்த வாய்க்கு வந்தபடி அளந்து விடும், கடைசில அந்த மிருகம் நெசமாவே வந்து முன்னாடி நிக்கும். சீனாக்காரங்க நாட்டுக்கதை ஒண்ணுதான் இதுக்கு மூலம், அதுல புலி. ஆக்சல் ஷெஃப்லர் மொதல்ல போட்ட படம் ரொம்ப பயங்கரமா இருக்குதுன்னு பதிப்பகத்துல சொல்லி, அப்புறம் அத கொஞ்சம் உருண்டையா, கொஞ்சம் அசடு மாதிரி மாத்திட்டாரு. கொம்பு இருக்கு, பல்லு இருக்கு, மூக்கு நுனில மரு கூட இருக்கு, ஆனா தொப்பை இருக்கிறவன ரொம்ப நேரம் பாத்து பயப்பட முடியாது பாருங்க. அந்த அளவுதான் அளவு.

நெசமான பயத்துல மட்டும் நான் வெளையாட மாட்டேன். எங்க சின்னம்மா வீடு தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ராகி அறுக்குற நேரத்துல ஆனை எறங்கும், காவலுக்குப் போறவங்க ராத்திரி பட்டாசு வெடிக்கிற சத்தம் வீட்டுக்குள்ள கேக்கும். நான் அங்க போகும்போது ஆனைக்குட்டி படம் போட்ட ஒரு புக்கு எடுத்துட்டுப் போனேன், ஆனை ராத்திரில திருட்டுத்தனமா வர்ற மாதிரி செல்லமான கதை. சின்னம்மா பேத்தி, அஞ்சு வயசு, படத்தப் பாத்ததும் "சத்தம் போடாதீங்க"ன்னு மெதுவா சொன்னா. அவளுக்கு அது கதை இல்ல. நான் புக்க மூடி பைல வெச்சிட்டேன், அவகிட்ட பச்சை பூதத்த குடுத்தேன், அது எந்த வயக்காட்லயும் வராது, அதனால அவளும் அத ஆச தீர வெரட்டுனா. அதே மாதிரிதான் புள்ள புடிக்கிறவன் கதையும். வாட்ஸாப்ல அப்பப்ப கெளப்பி விடுறாங்களே, அதக் கேட்டு பயந்து போயிருக்கிற புள்ளகிட்ட சாக்குமூட்டைக்காரன் புக்கு எதுவும் வேணாம்.

எப்பிடிப் படிக்கிறதுன்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல. மொத தடவ பகல்ல. மடில ஒக்கார வெச்சி, தாள அவங்களே திருப்பட்டும், ரெண்டு பக்கம் சேத்து திருப்புனா திருப்பட்டும், வேணாம்னு சொன்னா அன்னிக்கி அவ்ளோதான். கரண்ட் போன நேரத்துல புது புக்கு எடுக்காதீங்க, பழகுன புக்குன்னா அதுதான் சூப்பர் நேரம், போன் டார்ச்ச அடிச்சி செவுத்துல நெழல் காட்டலாம். கொரல மாத்துறது நல்லதுதான், எங்க வீட்டுக்காரர் மாதிரி நடுவுல "ஆ"ன்னு கத்துறது நல்லதில்ல. முக்கியமா படிச்சி முடிச்சதும் "இதுலருந்து என்ன தெரிஞ்சிக்கிட்ட?"ன்னு கேக்காதீங்க, புண்ணியமா போவும். அவங்க "இன்னொரு தடவ"ன்னு சொல்லுவாங்க, திருப்பி படிங்க, முடிஞ்சிது.

விலைதான் பிரச்சன. வெளிநாட்டுப் புக்குங்க கெட்டி அட்டைல வாங்குனா ஒண்ணுக்கே கை கடிக்கும். நாங்க நாலு வீடு சேந்து மாத்தி மாத்தி வெச்சிக்குறோம். தமிழ்லயே வேணும்னா பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர் சைட் இருக்கு, 2015லருந்து, காசு இல்லாம படிக்கலாம், எறக்கி பிரிண்ட் கூட எடுத்துக்கலாம், வயசுக்குத் தக்க லெவல் போட்டு வெச்சிருக்காங்க. இருட்டு, நெழல், ராத்திரி சத்தம்னு தேடுனா சிலது மாட்டும். ஆனா நம்ம முனி, நம்ம புளியமரம், நம்ம அங்காளம்மன் வேஷக்காரர் டீ குடிக்கிறது, இத வெச்சி நாலு வயசுக்கு ஒரு படப் புக்கு நான் இன்னும் பாக்கல, பாத்தவங்க சொல்லுங்க, வாங்கிடுறேன்.

அதுவரைக்கும் நாங்களே ஒண்ணு பண்ணலாம்னு. "க்ரீப்பி கேரட்ஸ்"னு 2012ல வந்த ஒண்ணு இருக்கு, கேரட்ட ஓயாம திருடித் தின்னுற முயலுக்கு எங்க பாத்தாலும் கேரட் பின்னாடியே வர்ற மாதிரி தோணும், படம் பூரா கருப்பு வெள்ளை, கேரட் மட்டும் ஆரஞ்சு. எங்க மாமா பாலக்கோட்டுல தக்காளி மண்டில இருக்காரு, வீட்ல எப்பவும் ஒரு கூடை தக்காளி கெடக்கும், அதனால பாப்பா கதைல தக்காளிதான் தொரத்துது. அத்தை மக நல்லா படம் போடுவா, அவள போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். தக்காளிக்கு கண்ணு மட்டும் போதும், வாய் வேணாம்னு பாப்பா கறாரா சொல்லிட்டா. ஏன்டின்னு கேட்டா, வாய் இருந்தா பேசிடுமாம், பேசிட்டா அது நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிடுமாம். கடைசிப் பக்கத்துல தக்காளிய ரசம் வெச்சிடலாம்னு நான் சொன்னதுக்கு இன்னும் ஒத்துக்கல, பேச்சுவார்த்தை போயிட்டு இருக்கு.